அடித்தளத்தின் மீது நிற்கிறோம்: செங்கல்பட்டுப் பாறைகளும் ஆழ் மேலோட்டின் வரலாறும்

(வேடந்தாங்கலில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். திரையில் காட்டிய படங்களுக்கான விளக்கங்களும் சில கிளைச் செய்திகளும் நீக்கப்பட்டுள்ளன.)



வேடந்தாங்கலுக்குப் பேச வருபவரிடம் பறவைகளைப் பற்றிய பேச்சைத்தான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். நத்தைக்குத்தி நாரையைப் பற்றியும் கூழைக்கடாவைப் பற்றியும் என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இந்த ஊரிலேயே தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நான் அதைப் பேசுவது முறையாகாது. அந்த ஏரிக்கு அடியில் என்ன இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வந்திருக்கிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாவட்டத்தின் கருங்கல் பூமி நிலத்தின் மேற்பரப்பில் உருவானதல்ல. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், பழுக்கக் காய்ந்த நிலையில் இன்றைய வடிவை அடைந்த பாறை இது. அதன் தலைமேல் இருந்த மலையெல்லாம் கரைந்து போய்விட்டது. நாம் நிற்பது ஒரு பழைய கண்டத்தின் அடித்தளத்தில். அந்த ஆழத்தில் நடந்ததை உருமாறிய பாறையை மட்டும் வைத்துக்கொண்டு எழுத முடியாது. கிரானைட்டை மட்டும் வைத்துக்கொண்டும் எழுத முடியாது. இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு பாதிகள். இதுதான் இன்றைய என் வாதம். இதைச் சில பகுதிகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. கொல்கத்தாவின் கல்லறையும் பல்லாவரத்தின் குன்றும்

கொல்கத்தாவின் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னோக்கின் கல்லறை இருக்கிறது. 1690-இல் ஹூக்ளி ஆற்றங்கரையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இடம் பிடித்தவர் அவர்; 1693 ஜனவரியில் இறந்தார். வங்காளத்தின் வண்டல் பூமியில் கல்வெட்டுப் பொறிக்கும்படியான கல் கிடைக்காது. அந்தக் கல் நம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனது.

200 ஆண்டுகள் கழித்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்திருந்த தாமஸ் ஹென்றி ஹாலந்து என்ற இளைஞர் அந்தக் கல்லறைக் கல்லைப் பாறையியல் கண்ணோடு பார்த்தார். 1893-இல் அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கிடைக்கும் பாறையும் இதுவும் ஒன்று. இதுவரை பெயரிடப்படாத வகை. ஆகவே இதற்குச் சார்னோக்கைட் என்று பெயர் வைக்கலாம் என்றார். 1900-இல் ஆய்வுத் துறையின் நினைவேடாக வந்த அவருடைய பெரிய நூல், இந்தப் பாறைக் குடும்பம் தென்னிந்தியா முழுக்கப் பரவியிருப்பதைக் காட்டியது. பின்னாளில் நார்வே, உகாண்டா, அண்டார்க்டிகா, இலங்கை என்று எங்கே இந்தப் பாறை கிடைத்தாலும் ஒப்பிட்டுப் பார்க்கும் மூல இடமாகப் பல்லாவரம் ஆயிற்று. அதன் சிறப்புக்காகவே பரங்கிமலைப் பாறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது.

பல்லாவரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது அங்கேதான். மனித வரலாற்றுக்கும் பாறை வரலாற்றுக்கும் ஒரே ஊர் தொடக்கப் புள்ளியாக அமைவது அரிது. சென்னை விமான நிலையத்துக்கு எதிரே உள்ள அந்தக் குன்றுகளை நாள்தோறும் லட்சம் பேர் கடந்து போகிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

2. ஒரு கனிமம் ஆழத்தைச் சொல்லும் விதம்

ஜல்லிக்குக் கல் உடைக்கிற இடத்தில் புதிதாகப் பிளந்த ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெயிலும் மழையும் பட்ட வெளிப்புறம் துருப்பிடித்த பழுப்பாகவோ சாம்பல் வெளுப்பாகவோ இருக்கும். உள்ளே அப்படி இல்லை. எண்ணெய் தடவியதுபோன்ற பளபளப்போடு பச்சையும் நீலமும் கலந்த கருமை. வெள்ளையாக இருக்க வேண்டிய குவார்ட்ஸ் மங்கிய நீலமாகவும், ஃபெல்ஸ்பார் பாசி நிறமாகவும் தெரியும். கட்டடக்காரர்கள் இதை ‘புளூ மெட்டல்’ என்பது இந்த நிறத்தைப் பார்த்துத்தான். வெளியே கிடந்தால் நிறம் மங்கத் தொடங்கும்.

அந்தத் துண்டை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டினால் கல்லுக்குள் ஒளி ஊடுருவும். நுண்ணோக்கியின் கீழ் வைத்து மேடையைச் சுழற்றினால், ஒரு கனிமம் மட்டும் வெளிர் ரோஜா நிறத்திலிருந்து வெளிர் பச்சைக்கு மாறி மறுபடியும் ரோஜாவுக்குத் திரும்பும். அதுதான் ஹைபர்ஸ்தீன். முதன்முறை பார்க்கும் மாணவர்கள் அதைத் திரும்பத் திரும்பச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். சார்னோக்கைட்டின் அடையாளம் அந்தக் கனிமம். குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் கிரானைட்டில் உள்ளபடியே இதிலும் உண்டு. கிரானைட்டில் கறுப்பு மைக்கா இருக்கும் இடத்தில் இங்கே ஹைபர்ஸ்தீன் பெரிதாக இடம்பிடித்திருக்கிறது.

இந்த இடமாற்றம் ஏன் முக்கியம்? பயோடைட் என்னும் கறுப்பு மைக்காவின் கட்டமைப்புக்குள்ளேயே நீர் அடங்கியிருக்கிறது. ஹைபர்ஸ்தீனில் நீர் இல்லை. மைக்காவும் குவார்ட்ஸும் சேர்ந்திருக்கும் பாறையை ஆழத்தில் 700, 800 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் மைக்கா சிதைகிறது, ஹைபர்ஸ்தீனும் பொட்டாசியம் ஃபெல்ஸ்பாரும் பிறக்கின்றன, நீர் வெளியேறுகிறது. ஆகவே ஹைபர்ஸ்தீனைப் பார்த்தவுடன் இரண்டு செய்திகள் உறுதி: பாறை மிகவும் சூடாகியிருக்கிறது, வறண்டு போயிருக்கிறது.

எவ்வளவு ஆழம் என்பதற்குக் கார்னெட் உதவுகிறது. கார்னெட்டும் ஹைபர்ஸ்தீனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரும்பையும் மக்னீசியத்தையும் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கும். எந்த விகிதத்தில் பங்கிடுகின்றன என்பது வெப்பத்தைப் பொறுத்தது. கார்னெட்டுக்கும் ஃபெல்ஸ்பாருக்கும் இடையே சுண்ணாம்புச் சத்து எப்படிப் பிரிந்திருக்கிறது என்பது அழுத்தத்தைச் சொல்லும். இப்படிக் கணக்கிட்டுத்தான் சென்னைப் பகுதிப் பாறைகள் 700 டிகிரிக்கும் 850 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தையும், வளிமண்டல அழுத்தத்தைப்போல 6000 முதல் 8000 மடங்கு அழுத்தத்தையும் கண்டவை என்று அறிகிறோம். கிலோமீட்டரில் சொன்னால் 20-க்கும் 28-க்கும் நடுவில்.

இதில் எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது ஒன்று உண்டு. பல்லாவரம் பக்கத்தில் சார்னோக்கைட்டுக்கு நடுவே கார்னெட்டும் சில்லிமனைட்டும் நிறைந்த பாறைப் பட்டைகள் இருக்கின்றன. அலுமினியச் சத்து மிகுந்த இந்தக் கலவைக்கு மூலம் களிமண். களிமண் நிலத்தின் மேல்தான் உண்டாகும். வெயில், மழை, ஓடும் நீர் எல்லாம் வேண்டும். ஆக, ஏதோ ஒரு பழைய நீர்நிலையில் படிந்த சேறு 20 கிலோமீட்டருக்கும் கீழே புதைந்து, சுடப்பட்டு, கல்லாகி, மறுபடியும் வெயிலுக்கு வந்திருக்கிறது.

3. நெருப்பில் பிறந்ததா, உருமாறியதா?

ஹாலந்து சார்னோக்கைட்டைத் தீப்பாறை என்றே கருதினார். ஒரே பாறைக்குழம்பு ஆழத்தில் பிரிந்து, வெளிர் நிறம் முதல் கன்னங்கரேலென்ற வகை வரை ஒரு தொடரைத் தந்தது என்பது அவர் முடிவு. 1930-களிலிருந்து எதிர்க்குரல்கள் வலுத்தன. இது பிறவியில் எதுவாக இருந்தாலும், இப்போது இருக்கும் வடிவம் உருமாற்றத்தால் வந்தது என்றார்கள். 1955-இல் ஆர். ஏ. ஹோவி சென்னைப் பாறைகளின் வேதியியலை விரிவாக ஆராய்ந்து, தீப்பாறையாகப் பிறந்து பின்னர் உருமாறியது என்று இரண்டையும் இணைத்தார். 1959-இல் ஏ. பி. சுப்பிரமணியம் மூல இடத்தையே மறுபடியும் அங்குலம் அங்குலமாக ஆராய்ந்து, ஹாலந்து ஒரே தொடராகக் கட்டியவை உண்மையில் வெவ்வேறு பாறைகள் என்று காட்டினார். கன்னங்கரேலென்ற வகைகளுக்குத் தனிப் பிறப்பு. அவற்றைச் சார்னோக்கைட்டோடு சேர்க்கக் கூடாது என்பது அவர் வாதம். பெயரிட்டவரின் மூல இடத்துக்கே போய் அவரை மறுத்த அந்தக் கட்டுரையை இன்றும் மாணவர்கள் படிக்க வேண்டும் என்பேன்.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் கிரானைட்டைப் பற்றியும் உலகெங்கும் பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. கிரானைட் குழம்பிலிருந்து உறைந்ததா, பழைய பாறையே திடநிலையில் கிரானைட்டாக மாறியதா என்று இரண்டு அணிகள். எச். எச். ரீட், கிரானைட்டுகள் பல வகை, எல்லாவற்றுக்கும் ஒரே பிறப்பைத் தேடாதீர்கள் என்றார். 1958-இல் டட்டிலும் போவெனும் ஆய்வுக்கூடத்தில் அழுத்தத்தின் கீழ் நீர் சேர்த்துச் சூடாக்கிக் காட்டினார்கள்: கிரானைட் கலவை 650 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கிவிடுகிறது. அந்த வெப்பம் ஆழ் மேலோட்டில் சாதாரணம். நீர் இல்லையென்றால் அதே கலவை 900 டிகிரிக்கு மேல் போனால்தான் அசையும்.

இந்தக் கண்டுபிடிப்பைச் சார்னோக்கைட் வழக்கோடு சேர்த்துப் படித்தவர்கள் தொடக்கத்தில் குறைவு. சேர்த்துப் படிக்க வைத்தது கர்நாடகத்தில், கனகபுராவுக்குப் பக்கத்தில் உள்ள கப்பல்துர்கா. 1960-இல் சி. எஸ். பிச்சமுத்து ‘நேச்சர்’ இதழில் அந்த இடத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதினார். சார்னோக்கைட் உருவாகிக்கொண்டிருக்கும்போதே பிடிபட்ட காட்சி அது என்பது அவர் சொன்ன செய்தி. இரண்டே பக்கங்கள், ஆனால் அரை நூற்றாண்டு ஆய்வுக்கு அது வித்திட்டது.

அங்கே தெரிவது இதுதான். வெளிறிய சாம்பல் நிற நீஸ் பாறை. கறுப்பும் வெள்ளையுமாக மெல்லிய பட்டைகள் வரிவரியாக ஓடுகின்றன. திடீரென்று ஒரு விரிசலை ஒட்டி, சாண் அகலத்துக்குப் பழுப்புப் பச்சை நிறத்தில் ஒரு திட்டு. அந்தத் திட்டுக்குள் போனதும் வரிகள் மங்கி மறைகின்றன, மணிகள் பருத்துவிடுகின்றன, மைக்கா குறைந்து ஹைபர்ஸ்தீன் வந்துவிடுகிறது. திட்டைத் தாண்டினால் மறுபடியும் அதே வரிகள், விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றன. விரலை வைத்து ஒரு வரியைப் பின்தொடர்ந்து கொண்டே போனால், நீஸ் சார்னோக்கைட்டாக மாறும் எல்லையை விரல் கடந்துவிடும். இதைப் பார்த்த பிறகு, சார்னோக்கைட் முழுவதும் குழம்பிலிருந்து உறைந்ததே என்று யாரும் சொல்ல முடியாது.

நீரை வெளியேற்றியது எது? இதற்கு இரண்டு விடைகள் உண்டு. ஆழத்திலிருந்து மேலேறிய கார்பன் டை ஆக்சைடு வாயு விரிசல்களின் வழியே புகுந்து நீரை விரட்டியது என்பது ஒன்று. நார்வேப் பாறைகளின் மணிகளுக்குள் சிறைப்பட்ட கார்பன் டை ஆக்சைடுக் குமிழ்களை ஜாக் டூரே 1970-களின் தொடக்கத்தில் காட்டியதும், பின்னர் ராபர்ட் நியூட்டன், மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் ஏ. எஸ். ஜனார்த்தன் போன்றவர்கள் கப்பல்துர்காவில் ஆராய்ந்ததும் இந்த விடைக்கு வலு சேர்த்தன. மற்றது, பாறை பகுதியாக உருகியபோது அந்த உருகல் நீரை உறிஞ்சிக்கொண்டு மேலே போய்விட்டது என்பது. விரிசலை ஒட்டிய சிறு திட்டுகளுக்கு முதல் விடை பொருந்துகிறது. மைல் கணக்கில் பரந்து கிடக்கும் சார்னோக்கைட்டுக்கு அவ்வளவு வாயு எங்கிருந்து வரும் என்ற கேள்வி அதை இடிக்கிறது. பரந்த அளவில் வேலை செய்தது உருகல்தான் என்பது என் தீர்ப்பு. அப்படியானால் அந்த உருகலைத் தேட வேண்டும்.

4. மேலே போன பாதி

செக்கில் எள்ளை ஆட்டினால் எண்ணெய் ஒரு பக்கம், பிண்ணாக்கு ஒரு பக்கம். எண்ணெயை மட்டும் பார்த்தவருக்கு எள் தெரியாது. பிண்ணாக்கை மட்டும் பார்த்தவருக்கும் தெரியாது. ஆழ் மேலோடு உருகும்போது இதுதான் நடக்கிறது. பிரிந்து மேலேறிய உருகல் எங்கோ உயரத்தில் உறைந்து கிரானைட்டாகிறது. கீழே மிஞ்சுவது வறண்ட கிரானுலைட் வகைப் பாறை. ஒப்புமைக்கு ஓர் எல்லையும் உண்டு: சார்னோக்கைட்டுகள் எல்லாமே இப்படி மிஞ்சிய சக்கை அல்ல. சிலவற்றின் வேதியியல் கிரானைட்டையே ஒத்திருக்கிறது. அவை மிகச் சூடான, நீர் குறைந்த குழம்பிலிருந்து நேரடியாக உறைந்திருக்கலாம். ஹாலந்தும் சுப்பிரமணியமும் சொன்னதில் நிலைத்து நிற்கும் பகுதி அது.

மேலே போன பாதியைப் பார்க்க வேண்டுமானால் கர்நாடகத்தின் குளோஸ்பேட்டை கிரானைட்டுக்குப் போக வேண்டும். பெங்களூருக்குத் தென்மேற்கே உள்ள ராமநகரத்தின் பழைய பெயர் குளோஸ்பேட்டை. ‘ஷோலே’ படத்தில் வரும் மொட்டைக் குன்றுகள் இந்தக் கிரானைட்டே. வடக்கு தெற்காக ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளமும், 20, 25 கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஒற்றைப் பட்டை. வயது 251 கோடி ஆண்டுகளை ஒட்டி. கப்பல்துர்காவின் சார்னோக்கைட் உருவான காலமும் அதுவே. ஒரே காலத்தில், ஒரே பகுதியில், கீழே பாறை வறண்டிருக்கிறது. மேலே கிரானைட் எழுந்திருக்கிறது.

இன்னும் ஒரு பேறு. தென்னிந்திய மேலோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து அரிக்கப்பட்டிருக்கிறது. தெற்கே போகப் போக ஆழமான மட்டம் வெளியே தெரிகிறது. குளோஸ்பேட்டை கிரானைட்டின் தெற்கு முனையில் அதன் வேர் தெரிகிறது: உருகலும் உருகாத பாறையும் பின்னிப் பிணைந்து, எது எதற்குள் புகுந்தது என்று பிரிக்க முடியாத நிலை. நடுவில் தடித்த கிரானைட் உடல். வடக்கே போனால், சுற்றியுள்ள பாறையைத் தெளிவாக வெட்டிக்கொண்டு புகுந்த மேல்மட்டக் கிரானைட். ழான்-பிரான்சுவா மோயன், எம். ஜெயானந்தா முதலியோர் 2003-இல் இதைச் சாய்ந்து கிடக்கும் மேலோட்டு வெட்டுமுகம் என்றே விளக்கினார்கள். ஒரு கிரானைட்டின் அடியையும் நடுவையும் தலையையும் பேருந்தில் போய்ப் பார்த்துவரக்கூடிய இடங்கள் உலகில் மிகச் சிலவே.

1936-இலேயே புவியியலாளர் லூயிஸ் லீ ஃபெர்மர் தென்னிந்திய வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு ஒரு பக்கம் சார்னோக்கைட் நாடு, மறுபக்கம் சார்னோக்கைட் இல்லாத நாடு. ஃபெர்மர் கோடு என்று இன்றும் அதற்குப் பெயர். கர்நாடகத்தின் வடக்கே மென்மையாக உருமாறிய பச்சைப் பாறைகள்; கிருஷ்ணகிரிப் பக்கம் சாம்பல் நீஸ்; தருமபுரியைத் தாண்டினால் சார்னோக்கைட். பெங்களூரிலிருந்து சேலத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில் வண்டி தரையில்தான் ஓடுகிறது. பாறைக் கணக்கில் பார்த்தால் மேலோட்டுக்குள் பல கிலோமீட்டர் கீழே இறங்கியிருக்கிறீர்கள்.

அந்தக் கிருஷ்ணகிரி–தருமபுரிப் பாதையில் கென்ட் காண்டியும் அவர் குழுவினரும் 1980-களில் வேதியியல் ஆய்வு செய்தார்கள். தெற்கே ஆழமான பாறைகளில் ருபிடியம், தோரியம், யுரேனியம் ஆகியவை குறைந்திருந்தன. இம்மூன்றும் உருகலோடு சேர்ந்து மேலே போகும் இயல்புள்ளவை. கிரானைட்டில் மிகுந்து காணப்படுபவை. யுரேனியமும் தோரியமும் கதிரியக்கத்தால் சூட்டை உண்டாக்கும். அவை மேலே போய்விட்டால் அடி மேலோடு குளிர்கிறது. நீரும் போய்விட்டது, ஆகவே இனி எளிதில் உருகாது. கண்டம் இறுகிவிட்டது. செங்கல்பட்டுப் பாறை 250 கோடி ஆண்டுகள் பெரிதாகக் கலையாமல் நின்றதற்குக் காரணம் இதுவே என்று நினைக்கிறேன். அன்று கிரானைட் எதைத் தூக்கிக்கொண்டு போயிற்றோ அதன் இழப்பே இதற்குப் பலமாயிற்று.

5. காலம்

வயதைச் சொல்வது சிர்கான் என்ற சிறு மணி. யுரேனியத்தைத் தன் கட்டமைப்பில் ஏற்கும், ஈயத்தை ஏற்காது. யுரேனியம் 238-இல் பாதி ஈயமாக மாற 447 கோடி ஆண்டுகள் ஆகும். ஆகவே சிர்கானுக்குள் இருக்கும் ஈயம் முழுவதும் அது பிறந்த பிறகு சேர்ந்ததே. ஆழ்பாறைகளின் சிர்கானில் உள்ளே ஒரு கருவும் சுற்றி ஒரு விளிம்பும் இருப்பதுண்டு. கரு மூலப்பாறையின் வயதையும் விளிம்பு உருமாற்றத்தின் வயதையும் தரும்.

காவிரிக்கு வடக்கே, நம் பகுதியையும் சேர்த்து, பெரிய நிகழ்ச்சி 250 கோடி ஆண்டுகளை ஒட்டியது. தெற்கே மதுரைப் பக்கம் பார்வைக்கு அதே சார்னோக்கைட். ஆனால் 55 கோடி ஆண்டுகளை ஒட்டி அது மறுபடியும் சுடப்பட்டிருக்கிறது. கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலம் அது. இலங்கையின் மத்திய மலைநாட்டுப் பாறைகளும் அதே சூட்டைக் கண்டவை.

இலங்கை என்றதும் ஒருவரைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. இந்தியக் கலை வரலாற்றறிஞராக நாம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி தொழிலால் முதலில் புவியியலாளர். 1900-இல் இலங்கைப் பாறைகளையும் காரீயம் எனப்படும் கிராஃபைட்டையும் பற்றி லண்டனில் கட்டுரை வெளியிட்டார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுக்குத் தலைமை தாங்கினார்; தோரியம் மிகுந்த தோரியனைட் என்ற புதிய கனிமத்தை உலகுக்குத் தந்தார். சிற்பத்தை அவ்வளவு நுட்பமாகப் பார்த்த கண் கல்லைப் பார்த்துப் பழகிய கண் என்பதை மாமல்லபுரத்துச் சிற்பி நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

6. ஆழம் மேலே வந்த கணக்கு

இங்கே ஒரு கூட்டல் கணக்கு. இன்று நம் காலடியில் மேலோடு ஏறத்தாழ 35 முதல் 40 கிலோமீட்டர் கனம். மேலே கிடக்கும் பாறை 20-க்கும் அதிகமான ஆழத்தில் உருவானது. இரண்டையும் கூட்டினால் அன்றைய மேலோட்டின் கனம் 60 கிலோமீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ வரும். இன்று அவ்வளவு கனம் திபெத், ஆண்டீஸ் மலைத்தொடரின் சில பகுதிகள் போன்ற மிகச் சில இடங்களில் மட்டுமே. பிற்காலத்தில் மேலோட்டுக்கு அடியில் உள்ள கவசம் என்னும் அடுக்கிலிருந்து குழம்பு வந்து சேர்ந்து கனத்தைக் கூட்டியிருக்கலாம் என்பவர்களும் உண்டு; அதையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் சேற்றுப் படிவையே அவ்வளவு ஆழத்துக்கு இழுத்துச் சென்றிருப்பதைப் பார்க்கும்போது, மேலோடு மடிந்து தடித்தது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

மேலே வந்து சேர்ந்தது எப்போது? இதற்கு இந்த மாவட்டத்தின் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகள் என்று பெயர், களிப்பாறையும் மணற்பாறையும். தொடக்க கிரெட்டேசியக் காலத்தவை. 10 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. டைலோஃபில்லம் முதலான செடிகளின் இலைப் பதிவுகள் அவற்றில் உண்டு. இந்தப் படிவுகள் பழைய ஆழ்பாறைத் தளத்தின் மேலேயே வந்து அமர்ந்திருக்கின்றன. அப்படியென்றால் அந்தச் செடிகள் வளர்ந்த காலத்திலேயே மேலிருந்த 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாறையும் போய்விட்டது; அடித்தளம் வெயிலில் கிடந்திருக்கிறது.

அழுத்தம் நீங்கியதன் அடையாளத்தை மாமல்லபுரத்தில் கண்ணால் பார்க்கலாம். அவ்வளவு பெரிய பாரத்தின் கீழ் இறுகிய பாறை, பாரம் விலகியதும் விரிகிறது. மேற்பரப்புக்கு இணையாக ஏடு ஏடாகப் பிளக்கிறது. குறுக்கே வேறு விரிசல்களும் ஓடுவதால் கட்டம் கட்டமாகப் பிரிகிறது. மழைநீர் விரிசலில் இறங்கி மூலைகளை முதலில் அரிக்கிறது. நடு மட்டும் உருண்டையாக நிற்கிறது. சரிவில் 250 டன் எடையோடு நிற்பதாகச் சொல்லும் வெண்ணெய் உருண்டைப் பாறை இப்படி விளைந்ததுதான். பல்லவச் சிற்பிகள் இந்த விரிசல்களை அறிந்து வேலை செய்தவர்கள். அர்ச்சுனன் தபசில், பாறையின் இயற்கைப் பிளவையே நாகர்கள் ஏறிவரும் ஆறாக்கியிருக்கிறார்கள். பாதியில் விட்ட பாறைகளில் ஆப்பு இறக்கக் குடைந்த குழிகள் வரிசையாக நிற்பதையும் பார்த்திருப்பீர்கள்.

வேடந்தாங்கல் ஏரியும் இந்தக் கதையில் உண்டு. ஆழத்தில் இறுகிய பாறையில் மணிகளுக்கு இடையே 100-க்கு 1 பங்குகூட இடைவெளி இருக்காது. மேலே சிதைந்து மண்ணான பகுதியிலும் விரிசல்களிலும் மட்டுமே நீர் நிற்கும். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டுவதுபோல இந்த நிலத்தில் எங்கும் தோண்டிவிட முடியாது. மழை வந்த அன்றே பிடித்து வைத்தாக வேண்டும். பழைய தொண்டை மண்டலம் ஏரிகளால் நிரம்பியதற்குப் பல காரணங்கள் உண்டு. நிலத்தடியில் இருப்பது நீர் வற்றிய பாறை என்பதும் அவற்றில் ஒன்று. பறவைகள் இங்கே வருவது ஏரிக்காக.

7. செய்ய வேண்டியது

பல்லாவரத்தின் மூலப் பாறைகளில் பெரும்பகுதி கட்டடங்களுக்கு அடியிலும் ஜல்லியாகவும் போய்விட்டது. மிஞ்சியதைக் காப்பது புவியியல் ஆய்வுத் துறையின் கடமை. அதை வலியுறுத்துவது நம் கடமை. ஆனால் மாவட்டம் முழுக்கக் கல்குவாரிகள் நாள்தோறும் புதிய பாறை முகங்களைத் திறக்கின்றன. ஹாலந்துக்கும் சுப்பிரமணியத்துக்கும் கிடைக்காத வெட்டுமுகங்கள் அவை. சில ஆண்டுகளில் வேலை நின்று நீர் நிரம்பிவிடும். பிறகு யாராலும் பார்க்க முடியாது.

இங்கே வந்திருக்கும் கல்லூரி மாணவர்களையும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன். குவாரிக்காரரின் அனுமதியோடு, வெடி வைக்காத நாளில், ஆசிரியர் துணையோடு போங்கள். கரும்பச்சைப் பாறையை வெட்டிக்கொண்டு ஓடும் வெளிர் நிற அல்லது இளஞ்சிவப்புக் கிரானைட் நரம்புகளைத் தேடுங்கள். எது எதை வெட்டுகிறது என்று படம் எடுங்கள். அளவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள். நரம்புக்குள்ளேயே ஹைபர்ஸ்தீன் இருக்கிறதா, விளிம்பில் கார்னெட் கூடியிருக்கிறதா, பச்சை நிறம் விரிசலை ஒட்டி மட்டும் நிற்கிறதா, பாறை முழுக்கப் பரவியிருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இடத்தையும் தேதியையும் எழுதிய காகிதத்தோடு கைப்பிடி அளவு கல்லை எடுத்து வாருங்கள். மாநிலக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புவியியல் துறைகள் இருக்கின்றன. அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நரம்புக்குள் ஹைபர்ஸ்தீன் இருந்தால் அந்த உருகல் அதே இடத்தில், அதே சூட்டில் பிறந்தது என்று பொருள். அதன் மற்றப் பங்கு எவ்வளவு உயரம் போயிற்று என்று அடுத்துத் தேட வேண்டும். பச்சை நிறம் விரிசலோடு நின்றுவிட்டால், கப்பல்துர்காவைப் போல இங்கேயும் வாயு வேலை செய்திருக்கிறதா என்று குமிழ்களைப் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்து, குவாரிகளில் தேங்கிய நீர் வற்றி அடிமுகம் தெரியும் மாசி, பங்குனி மாதங்களே இந்த வேலைக்கு ஏற்றவை.